தீவகத்துக் கிணறும் பல்கலைக்கழகத்துப் பேச்சும்

இது நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

தீவகத்தில் படிப்பிக்கும் எங்களிடம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "சேர், எங்கட கிணறு ஏன் உவர்?" பாடப்புத்தகத்தில் நீர்ச்சக்கரம் இருக்கிறது. அமேசன் காடும் இருக்கிறது. ஆனால் வேலணைக் கிணறு இல்லை, ஊர்காவற்றுறைக் கடலும் இல்லை. அப்படியானால் எங்கள் மண்ணையும் தண்ணீரையும் யாருமே ஆராயவில்லையா? ஆராய்ந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அதற்கு முன்னரும் இதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு எப்படித் தொடங்கியது, எங்கே அறுந்தது, ஏன் எங்கள் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறோம்.

முதலில் ஊரின் பழைய பெயர். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை வாசித்து ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அந்தச் சாசனம். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, மிகுதி உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு. ஊராத்துறை என்பது எங்கள் ஊர்காவற்றுறைதான். கப்பல் உடைவதற்குச் சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்றால், இந்தக் கடலின் ஆழமில்லாத இடமும் பாரும் காற்றும் எவ்வளவு கவனத்தில் இருந்திருக்க வேண்டும்! கடலை அறிந்தவர்கள் இங்கே எப்போதும் இருந்தார்கள். அந்த அறிவு எழுத்தில் ஏறியதோ மிகக் குறைவு.

அறிவு எழுத்தில் ஏறுவதற்கு முன்னர் ஒரு கட்டம் இருக்கிறது. நாலு பேர் கூடிப் பேசுவது. பல்கலைக்கழகங்களில் இதற்கு ஆய்வரங்கு, கருத்தரங்கு, கலந்துரையாடல் என்று பல பெயர்கள். முடிந்த ஆய்வைக் கட்டுரையாக வாசிப்பது ஒரு வகை. முடியாத ஆய்வைக் கொண்டுவந்து வைத்து, "எனக்கு இந்த இடம் விளங்கவில்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்பது இன்னொரு வகை. சூழலியல் என்ற துறை வளர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பேச்சில்தான். தாவரம், விலங்கு, மண், தண்ணீர், மனிதன் எல்லாம் சேர்ந்த துறை அது. தனி ஒருவரால் எல்லாவற்றையும் அறிந்திருக்க முடியாது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் எல்டன் 1932இல் விலங்குக் குடித்தொகை பற்றிய ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1967 வரை அது இயங்கியது. சின்ன இடம், கொஞ்சப் பேர். ஆனால் சூழலியலின் அடிப்படைக் கருத்துகள் சில அந்த வட்டத்தில் உருவாகின. எல்டன் பயன்படுத்திய தரவுகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் முக்கியம். கனடாவில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பனியின் பழைய கணக்குகளை அவர் எடுத்தார். எந்த ஆண்டில் எத்தனை காட்டுப்பூனைத் தோல் வந்தது என்பதை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த விலங்கின் தொகை கூடுவதும் குறைவதும் தெரிந்தது. வியாபாரி தன் இலாப நட்டத்துக்காக எழுதிய கணக்கு விஞ்ஞானத்தின் சான்றாகியது. இதை மனதில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

பக்கத்து நாட்டில், பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மாதவ் காட்கில் 1983இல் சூழலியல் விஞ்ஞான மையத்தை ஆரம்பித்தார். எங்கள் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சரத் கொட்டகம 1976இல் பறவையியல் களக் குழுவை உருவாக்கினார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்களும் வந்து பறவை பற்றிப் பேச அதன் கூட்டங்களில் இடமிருந்தது. வங்கி ஊழியரும் பாடசாலை மாணவரும் பேராசிரியரும் ஒரே பறவையைப் பற்றிப் பேசலாம் என்பது சின்ன விஷயமல்ல.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

இங்கே விஞ்ஞானத்தைத் தமிழில் பேசும் பழக்கம் பல்கலைக்கழகத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தியது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். 1860களில் அவர் வகுப்பைத் தமிழுக்கே மாற்றினார். உடற்கூறு, இரசாயனம், மகப்பேறு என்று நூல்களையும் தமிழில் ஆக்கினார். கடினமான விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று இன்றைக்கும் கேட்பவர்களுக்கு மானிப்பாய் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மழை விழுந்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. எனவே நிலத்துக்குக் கீழே, கடல்நீரின் மேல், ஒரு வில்லை வடிவில் நன்னீர் மிதக்கிறது. ஒல்லாந்தரான பேடன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் இதன் கணக்கைச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டர் போட்டு மேலே ஓரடியை இறக்கினால், கீழே இருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். ஹேர்ஸ்பேர்க் இந்தக் கணக்கைப் போட்டது வடகடலில் உள்ள ஒரு சின்னத் தீவின் கிணறுகளுக்காகத்தான். அதாவது எங்களைப் போன்ற தீவுக்காரரின் கிணற்றில் பிறந்த கணக்கு அது.

பிள்ளைகளின் கேள்விக்கு இதுதான் பதில். தீவு ஒடுங்கியது, வில்லையும் மெல்லியது. மணல் மேடு உள்ள அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டிப் பக்கங்களில் மழைநீரை மணல் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் அங்கே நல்ல தண்ணீர். மணலை அள்ளினால் தண்ணீரையும் சேர்த்தே அள்ளுகிறோம். இந்த ஒரு பத்தியைப் படிப்பிக்க ஒரு பாடவேளை போதும்.

பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவு, வடமராட்சி, உப்பாற்றுக் கடனீரேரிகளுக்குள் கடல்நீர் வராமல் தடுத்து, மழைநீரைத் தேக்கி, காலப்போக்கில் அவற்றை நன்னீராக்குவது அவர் எண்ணம். தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1950களின் தொடக்கத்தில் கட்டி முடிந்தது. திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் அதைப் பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஏரி நன்னீரானால் கிணறு திருந்தும் என்று கமக்காரர் ஒரு பக்கம். ஏரி நன்னீரானால் எங்கள் இறாலும் மீனும் என்னாவது என்று மீன்பிடிப்பவர் மறுபக்கம். இது சூழலியல் விவாதமேதான். பெயர் மட்டும் அப்போது அப்படி இருக்கவில்லை.

அதே தொண்டைமானாற்றில் இன்னொரு நிறுவனம் உண்டு: வெளிக்கள நிலையம். உயர்தரம் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்லும். தவணைப் பரீட்சை வினாத்தாள்களுக்குத்தான் அது பெயர் பெற்றது. ஆனால் பெயரை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வெளிக்களம். வகுப்பறைக்கு வெளியே போய், கடனீரேரிக் கரையில் நின்று, தாவரத்தையும் விலங்கையும் அவை வாழும் இடத்திலேயே பார்ப்பது. விஞ்ஞான ஆசிரியர்களின் உழைப்பில் வளர்ந்த நிலையம் அது. வெளிக்களம் என்ற சொல் வினாத்தாளின் பெயராகச் சுருங்கிப் போனதில் எங்கள் கல்வியின் கதை முழுவதும் இருக்கிறது. பிள்ளைக்குக் கண்டல் மரத்தின் மூச்சு வேர் பற்றி எட்டுப் புள்ளிக்கு எழுதத் தெரியும். வீட்டிலிருந்து ஒரு மைலில் நிற்கும் கண்டலைத் தொட்டுப் பார்த்திருக்காது.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவர். 1979 ஜனவரியில் அது தனிப் பல்கலைக்கழகமானது. ஒரு பிரதேசத்துக்குச் சொந்தமாகப் பல்கலைக்கழகம் வந்தால் என்ன நடக்கும்? அதன் ஆய்வாளர்கள் தங்கள் வாசலில் இருப்பதை ஆராயத் தொடங்குவார்கள். அப்படித்தான் நடந்தது. தொல்லியலில், பொன்னம்பலம் இரகுபதி குடாநாட்டையும் தீவுகளையும் கால்நடையாகச் சுற்றி, பழைய குடியிருப்புகளை அவற்றின் நிலத்தோடும் தண்ணீரோடும் கரையோடும் சேர்த்துப் பார்த்தார். அந்த ஆய்வு 1987இல் நூலாக வந்தது. வேலணைச் சாட்டியும் அதில் வருகிறது. நல்ல தண்ணீர் இருந்த இடத்தில்தான் மனிதன் முதலில் இருந்தான்.

இரசாயனத் துறையைச் சேர்ந்த மகேஸ்வரனும் அவரோடு மகாலிங்கமும் யாழ்ப்பாணக் கிணற்று நீரிலும் மண்ணிலும் உள்ள நைத்திரேற்றை அளந்தார்கள். 1983இல் அது தேசிய விஞ்ஞான சபையின் சஞ்சிகையில் வெளிவந்தது. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் எருவும், அடி கட்டாத மலக்குழியும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போகின்றன. நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் போகும், உடல் நீலம் பாரிக்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. செறிவாகப் பயிரிடும் பகுதிகளில் பல கிணறுகள் எல்லையைத் தாண்டியிருப்பதை அன்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆய்வுகள் காட்டின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இந்த விஷயம் ஆங்கிலக் கட்டுரையில் இருக்கிறது. எத்தனை தாய்மாருக்குப் போய்ச் சேர்ந்தது?

அந்த 1983ஐச் சொன்னவுடன் மற்ற 83உம் நினைவுக்கு வரும். அதற்கு முன்னரே, 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1989 செப்டம்பர் 21ஆம் திகதி, மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்தது, கண்டதைப் பதிவு செய்து எழுதியது. பல்கலைக்கழகத்தில் நாலு பேர் கூடிச் சுதந்திரமாகப் பேசுவது எவ்வளவு விலையுள்ள காரியம் என்பதை அந்த ஆண்டுகளைக் கண்டவர்கள் அறிவார்கள்.

1990 ஆகஸ்டுக்குப் பின்னர் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனது. சனம் பெரும்பாலும் இடம்பெயர்ந்தது. கிணறுகள் இறைப்பாரற்றுத் தூர்ந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலும் ஏறக்குறைய 75,000 பேர். நயினாதீவிலும் பள்ளிவாசல் கட்டி வாழ்ந்த எங்கள் சமூகம் இருந்தது. அந்தத் துயரத்தை இங்கே முழுக்க எழுதப் போவதில்லை. இந்தப் பதிவுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறோம். உடுத்த உடையோடும் கையில் சின்னத் தொகையோடும் போனவர்கள் கடைக் கணக்குக் கொப்பியை எடுத்துப் போயிருக்க மாட்டார்கள். கருவாடு எவ்வளவு வந்தது, சங்கு எவ்வளவு, கடலட்டை எவ்வளவு, எந்த மாதத்தில் என்ன விலை! எல்டனுக்குக் கனடாவில் கிடைத்தது போன்ற கணக்குகள்தான் அவையும். ஒரு சமூகம் போகும்போது வீடு மட்டும் போவதில்லை. அது இந்தக் கடலைப் பற்றி அறிந்திருந்ததும் கூடவே போகிறது. இடம்பெயர்ந்த தீவகத் தமிழ்ச் சனத்துக்கும் இதே கதைதான். எங்கே எந்தப் பாரில் மீன் படும் என்று அறிந்த கிழவர்கள் கனடாவிலும் பிரான்சிலும் மௌத்தானார்கள், காலமானார்கள்.

இந்த இருட்டுக்குள்ளும் ஒரு வெளிச்சம் உண்டு. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் 1990களின் தொடக்கத்தில் உருவானது. மின்சாரம் இல்லாத காலம், எரிபொருள் தடை, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், போத்தல் விளக்கு. அந்தக் காலத்தில் ஆண்டுக் கூட்டம் கூட்டி, விஞ்ஞானக் கட்டுரை வாசிக்க ஆட்கள் இருந்தார்கள். அன்றைய துணைவேந்தர் பேராசிரியர் அ. துரைராஜா மண்பொறியியலில் உலகறிந்தவர். சைக்கிளில்தான் திரிந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது பல்கலைக்கழகமும் வெறுமையானது. திரும்பி வந்தார்கள், மறுபடி தொடங்கினார்கள். இன்றும் அந்தச் சங்கம் ஆண்டுதோறும் கூடுகிறது. ஆய்வுகூடத்தில் உபகரணம் இல்லாமல் போகலாம். ஆனால் ஒருவர் கண்டதை இன்னொருவர் கேட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் அறுந்துவிட்டால் அதைத் திரும்ப உண்டாக்குவது கடினம் என்று அவர்கள் விளங்கியிருந்தார்கள்.

கடல் பக்கத்துக்கு வருவோம். 1960களின் இறுதியில் நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் சீநோர் தொடங்கியது. படகு கட்டினார்கள், குருநகரில் வலை செய்தார்கள். அதற்கு முன்னரே, 1950களில், கேரளத்தில் இந்திய நோர்வே திட்டம் வந்திருந்தது. இந்தியக் கரையில் அப்படித் தொடங்கிய இயந்திரமயம் பின்னர் இழுவைப் படகாகப் பெருகி, பாக்கு நீரிணையின் அடித்தளத்தையே வாரத் தொடங்கியது. போர்க்காலத்தில் எங்கள் பக்கத்து மீனவருக்குக் கடல் மூடியிருந்தது, மற்றப் பக்கத்தாருக்குத் திறந்திருந்தது. 2009க்குப் பின்னர் எங்கள் ஆட்கள் வலையோடு திரும்பிப் போனபோது வலை அறுந்து வந்தது.

இந்த விஷயத்தில் பல்கலைக்கழகத்தின் பங்கு முக்கியமானது. புவியியல் துறையின் பேராசிரியர் ஏ. எஸ். சூசை போன்றவர்கள் மீனவச் சமூகங்களின் வாழ்வை ஆய்வாக்கினார்கள். 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவரும் சென்னையில் கூடிப் பேசினார்கள். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்து சட்டம் இயற்றியது. தனிநபர் பிரேரணையாக அதைக் கொண்டுவந்தவர் எம். ஏ. சுமந்திரன். கரையில் நின்று கேட்ட கதை ஆய்வாகி, ஆய்வு பேச்சாகி, பேச்சு சட்டமாகும் என்பதற்கு இது ஒரு சான்று. நடைமுறை வேறு கதை. என்றாலும் வழி இருக்கிறது என்று தெரிகிறது.

பேச்சு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுன்னாகம் சான்று. 2014, 2015 காலத்தில் அங்கே கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. ஒரு பக்கம் எண்ணெய் இருக்கிறது என்ற பரிசோதனை, மறுபக்கம் ஆபத்தில்லை என்ற நிபுணர் குழு. சனம் எதை நம்புவது? பெற்றோர் பிள்ளைகளுக்குப் போத்தல் தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு மின் நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று. அளந்தவர்கள் எல்லாரும் ஒரே மேசையில், சனத்தின் முன்னால், தங்கள் எண்களைத் தமிழில் வைத்துப் பேசியிருந்தால் அந்த நாலு ஆண்டுப் பயம் குறைந்திருக்கும்.

இப்போது எங்கள் தீவகத்தின் முறை.

கடலட்டையை எடுங்கள். சீனாவுக்கு அது எங்கள் கடலிலிருந்து நெடுங்காலமாகப் போகிறது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டைப் பண்ணைக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஆழங்குறைந்த கடலில் வலை அடைத்து அட்டை வளர்ப்பது. சிலருக்கு வருமானம், மறுக்க முடியாது. ஆனால் அதே ஆழங்குறைந்த கடலில்தான் களங்கண்ணி வைப்பவரும், நடந்து போய் இறால் பிடிப்பவரும், தூண்டில் போடும் பெண்ணும் இருக்கிறார்கள். கடற்புல் வளர்வதும் அங்கேதான். நாங்கள் சாதாளை என்று கரையில் பொறுக்கித் தோட்டத்துக்குத் தாழ்ப்பதில் அந்தப் புல்லும் இருக்கிறது. அது மீன்குஞ்சுக்கு மறைவிடம், ஆவுளியாவுக்கு உணவு. பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீற்றர் கடலை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது. ஒரே கடல், ஒரே ஆண்டு, இரு கரையில் இரு முடிவு. எது சரி, எவ்வளவு சரி? ஒரு பண்ணை எத்தனை ஏக்கர் வரை போகலாம், எந்த நீரோட்டத்தை மறிக்கக் கூடாது? இவை கோஷத்தால் தீரும் கேள்விகள் அல்ல. அளந்து, பேசித் தீர்க்க வேண்டியவை.

நெடுந்தீவில் 2015இல் 1,846 ஹெக்டேயர் அளவு நிலம் தேசியப் பூங்காவானது. காட்டுக் குதிரைகளுக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டும், நெடுந்தீவாரின் மாட்டுக்கும் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் கொடுக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். 2025 செப்டம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். சதுப்பும் கண்டலும் உள்ள தீவில் மழைவெள்ளம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நியாயம். கேள்வி கேட்பவர் விளையாட்டின் எதிரி அல்ல.

1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. அதன்படி, பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு செய்து, அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க வைத்து, 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்த 30 நாளில் கருத்துச் சொல்ல, அதற்கு முந்திய 30 ஆண்டும் எங்கள் கிணறு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். திட்டம் வந்த பிறகு அளக்கத் தொடங்கினால் எதனோடு ஒப்பிடுவது?

இங்கேதான் மொழி வருகிறது. பல்கலைக்கழக ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. உலகம் வாசிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் வாடைக்கும் கொண்டலுக்கும் சோளகத்துக்கும் கச்சானுக்கும் மீன் எப்படி இடம் மாறுகிறது என்பதை அறிந்த மனிதன் தமிழில் அறிந்திருக்கிறான். ஆய்வாளர் அவனிடம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். எழுதியது அவனிடம் திரும்பி வருவதில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் மிதவையை நாங்கள் 'பாதை' என்கிறோம். பாதை இரண்டு பக்கமும் ஓட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆளை ஏற்றிப் போய்த் திரும்பாமல் நின்றால் அதற்குப் பெயர் பாதையா?

அந்த இரண்டாவது பயணத்தைச் செய்யக்கூடியவர்கள் ஆசிரியர்கள். ஆங்கிலக் கட்டுரையின் சுருக்கத்தையாவது எங்களால் வாசிக்க முடியும். பிள்ளையின் தகப்பன் என்ன தொழில் செய்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று. ஒவ்வொரு பாடசாலையும் தன் கிணற்றை அளக்கட்டும். தண்ணீரின் உவர்த்தன்மையை அளக்கும் கையடக்கக் கருவி இன்று பெரிய விலை அல்ல. மாதம் ஒருமுறை நீர்மட்டம், உவர்த்தன்மை, பெய்த மழை. ஒரு கொப்பியில் திகதியோடு. ஆவணி வெயிலிலும் மார்கழி மழைக்குப் பின்னரும் எண் எப்படி மாறுகிறது என்று பிள்ளையே கீறிப் பார்க்கட்டும். பத்து ஆண்டில் அந்தக் கொப்பி எந்த நிபுணருக்கும் பெறுமதியான சான்று.

இரண்டு. தவணைக்கு ஒரு பேச்சு. பல்கலைக்கழகத்தின் விலங்கியல், தாவரவியல், மீன்பிடி, புவியியல், இரசாயனத் துறைகளில் தீவகத்தை ஆராயும் ஒருவரை அழைப்போம். முதுமாணி மாணவராக இருந்தாலும் போதும், ஆய்வு முடியாமல் இருந்தாலும் போதும். மாலை போட வேண்டாம், நீண்ட வரவேற்புரை வேண்டாம். அரை மணி நேரம் அவர் தமிழில் பேசட்டும், ஒரு மணி நேரம் சனம் கேட்கட்டும். மீனவர் சங்கத்து ஆட்களை முன்வரிசையில் இருத்துவோம்.

மூன்று. பேசியதைப் பதிவு செய்வோம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை ஆயிரக்கணக்கில் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. எரிந்ததற்கு எங்கள் சனம் கொடுத்த பதில் அது. எங்கள் கிணற்றுக் கொப்பிக்கும் அங்கே ஒரு மூலை கிடைக்கும்.

இக்ரஃ, ஓதுவீராக என்பது எங்களுக்கு இறங்கிய முதல் கட்டளை. நிலத்தையும் தண்ணீரையும் அவதானிப்பதும் ஓதலின் ஒரு பகுதி என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சைவப் பிள்ளையும் வேதப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் குடிப்பது ஒரே வில்லையிலிருந்துதான். அது உவரானால் எல்லாருக்கும் உவர்.

தீவகத்தில் படிப்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த தவணைக்கு உங்கள் பாடசாலைக் கிணற்றின் முதல் அளவை எடுத்துவிடுங்கள். எடுத்தவர்கள் ஊரின் பெயரையும் திகதியையும் அளவையும் இங்கே எழுதுங்கள். எங்கள் பாடசாலைக் கொப்பியின் முதற்பக்கத்தைக் கோடு கீறி வைத்துவிட்டோம். இன்ஷா அல்லாஹ், தவணை தொடங்கும் வாரத்தில் முதல் எண்ணை எழுதுவோம்.